பழைய சவரக்கத்தியும் புதிய அலகும்

பழம்பொருள் இல்லாத வீடு இல்லை. ஆயின், அவற்றுட் பல கண்ணாடி அலுமாரியில் இருந்து காட்சி தருவனவேயன்றிக் கைக்கு உதவுவன அல்ல. ஹெந்தளையில் உள்ள எம் இல்லத்தில் நாள்தோறும் வேலை செய்யும் பழம்பொருள் ஒன்று உண்டு. அஃது எம் அப்பப்பாவின் சவரக்கத்தி.

அப்பப்பா கொழும்பில் எழுதுவினைஞராய் இருந்தவர், வெள்ளவத்தையிற் குடியிருந்தார். 1983 ஆடிக் கலவரத்தில் அவ்வீடு எரிந்தது. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு துணிப்பை மட்டுமே. சால்வை ஒன்றும் இக்கத்தியும் அதனுள் இருந்தனவாம். மறுநாட் காலையில் முகம் வழித்து, நீராடி, திருநீறணிந்த பின்னரே உறவினர் முன் வந்தார் என்று அப்பா சொல்லுவார். அவர் காலத்தின்பின் பல்லாண்டு பெட்டகத்திற் கிடந்த கத்தியைக் கடற்காற்றும் பாசியும் பற்றியிருந்தன. அதனைச் சீர்செய்து பயன்படுத்துவதென்று நாம் துணிந்தோம்.

இவ்வகைக் கத்தியை உலகிற்குத் தந்தவர் அமெரிக்கரான கிங் காம்ப் ஜிலெற். 1903-ஆம் ஆண்டில் அவரது நிறுவனம் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. 1904-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1921-இல் அவ்வுரிமை முடிவுற்றதும் பிறரும் இவற்றைச் செய்யலாயினர். அதனாலன்றோ, அப்பப்பாவின் கத்தியில் இன்று கடையில் வாங்கும் இருபக்க பிளேட்டும் பிசகின்றிப் பொருந்துகிறது!

சீர்செய்யும் முறை எளிது. மூடி, அடித்தட்டு, கைபிடி என உறுப்புகள் மூன்றே. அவற்றைக் கழற்றி, சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் ஊறவிடுக. பின்னர்ப் பழைய பற்தூரிகையால் இடுக்குகளையும் புரிகளையும் தேய்க்குக. குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பழப்புளியும் செங்கற்றூளும் இடுதல் ஆகாது. பித்தளைமேல் உள்ள நிக்கல் முலாம் மெல்லியது, தேய்ந்துவிடும். நன்கு துடைத்து, சத்திரசிகிச்சைக்குரிய ஸ்பிரிட்டினால் கழுவி, புரியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுக. இறுதியாகப் புதிய அலகைப் பொருத்தி மேலிருந்து நோக்குக. அலகின் விளிம்பு இருபுறமும் ஒரே அளவாய்த் தெரிதல் வேண்டும். ஒருபுறம் மிகுந்து தெரியின் மூடியோ தட்டோ வளைந்துள்ளது. அத்தகைய கத்தியை முகத்தில் வைத்தல் கூடாது.

புதிதாய்ப் பழகும் இளைஞர் முகத்தை வெந்நீரால் நனைத்து, நுரை பூசி, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில், மயிர் வளரும் திசையிலேயே வழித்தல் நன்று. அழுத்த வேண்டியதில்லை, கத்தியின் பாரமே போதும். சவரத்தின்பின் ஈரப் படிகாரத்தைத் தடவினால் சிறு கீறல்களின் குருதி நிற்கும். ஒருவர் அலகை மற்றவர் தொடலாகாது. ஈரலழற்சி நோய்க் கிருமிகள் குருதிவழிப் பரவுவன. கழித்த அலகுகளைப் பால்மாப் பேணியொன்றின் மூடியிற் கீறிய துவாரத்தின் வழியே உள்ளிட்டுச் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கைக்கும் ஒரு குடும்பம் உண்டு.

இன்று கடைகளில் நிறைந்துள்ள பிளாத்திக்குக் கத்திகளைக் கழற்றவும் இயலாது, திருத்தவும் இயலாது. மழுங்கியதும் முழுவதையும் எறிகின்றோம். அப்பப்பாவின் கத்தியில் எறியப்படுவது தாள்போன்ற ஓர் அலகு மட்டுமே.

எம் மகனுக்கு மீசை அரும்பும் வயது. கத்தியின் கதையை அவன் கேட்டிருக்கிறான். ஆயினும் நினைவுப் பொருளாக அதனைக் கொடுக்க நாம் எண்ணவில்லை. முதலிற் கழற்றவும் துடைக்கவும் பூட்டவும் கற்பித்துள்ளோம். எல்லாம் இழந்த நாளிலும் முகம் கழுவி நிமிர்ந்து நின்ற ஒருவரின் பேரன் மகன் அவன் என்பதைக் கத்தியே நாள்தோறும் சொல்லட்டும்.