650 கல்

கோவில்பட்டியில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்த காலத்தில் எனக்கு அறிமுகமான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஒரு மூளி. டல்லஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999ல் வெளியிட்ட இரண்டாவது ஆட்டம் அது. சி.டி.யில் இடம் மிச்சம் பிடிக்க யாரோ எங்கோ அதன் படக்காட்சிகளையும் கதை சொல்லும் குரலையும் கத்தரித்துவிட்டு நகல் எடுத்திருந்தார்கள். கடல் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தது அந்தப் பதிப்புதான். முழுசாக ஒன்று இருக்கிறது என்றே தெரியாது.

ஜோன் ஆஃப் ஆர்க்கும் செங்கிஸ்கானும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் நண்பன் ஒருவன் கதையை நிரப்பினான். அவனிடத்தில் பிரெஞ்சுக்காரி வெள்ளையம்மாள் ஆனாள். ஆங்கிலேயன் ஆங்கிலேயனாகவே இருந்தான். அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

பாஞ்சாலங்குறிச்சியைக் கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கியபோதுதான் சிக்கல். ஆட்டத்தில் ஒரு கோட்டையின் விலை 650 கல். மதில் என்றால் மரவேலி, இல்லாவிட்டால் கல். மண் என்ற பேச்சே கிடையாது. எங்களுக்குத் தெரிந்த கோட்டையோ மண்கோட்டை. 1799 அக்டோபர் 16ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், கோட்டையையும் இடித்துப் போட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான்; சில நாட்களுக்குள் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மே 24 வரை அது விழவில்லை. எதிரி முகாமில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830ல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறார். கல் வெட்டிச் சுமக்க அவகாசம் இல்லாதவர்களின் கோட்டை அது. கடைசியில் நண்பன் மரவேலியைப் போட்டு, அதை மண் என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது தங்கை மகனால். 2013ல் இந்த ஆட்டத்துக்குள் நம்மையும் சேர்த்தார்கள் — ‘இந்தியர்’ என்ற ஒற்றைப் பெயரில், ஒட்டகப் படையோடு. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அந்தப் பெயரைப் பிரித்தது. ‘திராவிடர்’ வந்தார்கள், ராஜேந்திர சோழனும் வந்தான்.

“மாமா, இவன் தமிழ்ல பேசுதான், கேளுங்க” என்று ஹெட்போனை என் காதில் மாட்டினான். உடம்பு சிலிர்த்தது. மறைப்பதற்கில்லை.

சிலிர்ப்பு அடங்கியபின் உட்கார்ந்து பார்த்தேன். திராவிடருக்குக் கப்பலும் மீனும் பலம், குதிரைப்படை சோடை. இதில் சரித்திரம் உண்டு. பாண்டியர்கள் காயலில் வந்திறங்கிய குதிரைகளை விலை கொடுத்து வாங்கி, பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டதை மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். செய்தவர்கள் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் 60 விறகு கொடுத்தால் ஒரு வயல் கிடைக்கிறது. மழை வேண்டாம், பருவம் வேண்டாம். போட்டு முடித்ததும் அறுக்கலாம். முதலில் மரம், அப்புறம் வயல் என்பதே கரிசல்காட்டானுக்குச் சிரிப்பு. இங்கே வெட்டுவதற்கு இருப்பது சீமைக்கருவேல். அதுவும் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. வானம் பார்த்துக் கம்பும் பருத்தியும் விதைத்தவன் இந்தப் படத்தில் எந்த மூலையில் நிற்பான்? வந்திருப்பது தண்ணீர் உள்ள தமிழ்நாடு.

நாம் வெளியே அனுப்புகிற இலக்கியமும் பெரும்பாலும் இதே பதிப்புதான் என்று எனக்குப் படுகிறது. சங்கம், சோழர், கோபுரம் — பிறகு ஒரே தாவல். இடைசெவலில் பிறந்த அழகிரிசாமியும் கி.ரா.வும் அந்தப் பெட்டியில் ஓரத்தில்தான் கிடக்கிறார்கள். அமெரிக்காக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கத்தரி நம் கையிலும்தான் இருக்கிறது.

மூளிப் பதிப்பில் குரல் இல்லை; அதனால் நண்பனின் குரலுக்கு இடம் இருந்தது. இப்போது கதையும் குரலும் நிறைந்து, அதுவும் தமிழிலேயே வந்திருக்கிறது. வாயைத் திறக்க இடைவெளி இல்லை.

ஆட்டத்தில் நாமே நிலம் வரைந்துகொள்ள ஒரு வசதி உண்டு. மருமகனை அதைத் திறக்கச் சொன்னேன்.

“என்ன மண்ணு மாமா போடணும்?”

“கறுப்பு.”

பட்டியலை மேலும் கீழும் உருட்டினான். புல், மணல், பழுப்பு, பனி.

“இருங்க மாமா, தேடுதேன்” என்றான்.