விதையும் நிலமும்

என் பாட்டனார்க்கு இரைப்பு நோய் இருந்தது. என் அன்னையாரையும் அது விடவில்லை, என்னையும் விடவில்லை. ஆஸ்துமா என மருத்துவர் கூறும் அந்நோய், மூன்றாண்டுகளுக்கு முன் என் பெயர்த்தியையும் பற்றிக்கொண்டது. நள்ளிரவில் அக்குழந்தை மூச்சுத் திணறி என் தோளில் சாய்ந்தபோது, ‘இது யான் கொடுத்த சொத்தன்றோ!’ என்று நெஞ்சம் நொந்தேன்.

மருத்துவரிடமும் அதனையே கூறினேன். அவர், “ஐயா, தாங்கள் கொடுத்தது விதை மட்டுமே. விதை முளைக்க நிலமும் வேண்டுமல்லவா?” என்று கூறி, ஒரு செய்தியை விளக்கினார்.

அமெரிக்க நாட்டில் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு சமயக் குழுவினர் வாழ்கின்றனர். இருவர்தம் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்; மரபணுக்களும் பெரிதும் ஒத்தவை. இரு திறத்தாரும் உழவரே. ஆயினும், ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுவர். அவர்தம் தொழுவம் வீட்டை அடுத்திருக்கும். ஹட்டரைட் மக்கள் பெரும்பொறிகளைக் கொண்டு உழுவர். தொழுவம் வீட்டிற்குச் சேய்மையில் இருக்கும். இவ்விரு திறத்தாரையும் ஒப்புநோக்கிய ஆராய்ச்சியொன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆமிஷ் சிறுவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கும், ஹட்டரைட் சிறுவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேருக்கும் இந்நோய் உண்டு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்க் கூறுகள் மிகுதி. இளமை தொட்டே அவற்றோடு பழகிய உடல், சிறு பகையைக் கண்டு பெரும்போர் தொடுப்பதில்லை.

“அங்ஙனமாயின் தூசியே மருந்தாகுமோ?” என வினவினேன்.

“ஆகாது. நோய் கொண்டார்க்குத் தூசியும் புகையும் கேடே விளைக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கும்; சுற்றியுள்ள தசை இறுகும்; சளி வழியை அடைக்கும். தங்கள் வீட்டில் புகை உண்டோ?” என்றார் அவர்.

யான் வாய் திறந்திலேன். மாலைதோறும் சாம்பிராணித் தூபம் இடுதல் எம் இல்லத்து வழக்கம். குழந்தை உறங்கும் அறைக்கும் அதனை யானே ஏந்திச் செல்வேன். குலத்தின்மேல் பழியை ஏற்றிய யான், என் கையிலிருந்த தூபக்காலை ஒரு நாளும் நினைத்திலேன்!

அன்று முதல் தூபம் இடுதலை விட்டேன்; விளக்கு மட்டும் ஏற்றி வழிபடுகின்றேன். பெயர்த்தியும் மருத்துவர் தந்த மருந்தை நாள் தவறாது உறிஞ்சி வருகின்றாள். நோய் முற்றும் நீங்கிற்றில்லை. எனினும், நள்ளிரவில் அவள் திணறி எழுதல் பெரிதும் குறைந்துள்ளது.

முன்னோர் தந்த விதையை மாற்றுதல் நம்மால் இயலாது. அது விழுந்த நிலத்தைத் திருத்துதல் இயலும். விதையை நொந்து வாளா இருப்பவன் நல்ல உழவன் ஆகான். குலத்தை நொந்து வாளா இருப்பவன் நல்ல பாட்டனும் ஆகான்.