பல்லாவரம் சந்தையில் வாங்கிய ஆறு பூட்டுகள்

வெள்ளி, பல்லாவரம்

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் எதைத் தேடினாலும் கிடைக்கும். மிக்சி ஜார், ஓடாத கடிகாரம், பைக் கண்ணாடி, ரோஜாச் செடி, புறாக் கூண்டு. ஒரு தார்ப்பாயின் மூலையில் சாவி இல்லாத பூட்டுகள் குவிந்து கிடந்தன. சேலையூர்க்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆறு பூட்டுகளைப் பொறுக்கினார்.

“சாவி இல்லாத பூட்ட வெச்சுக்கினு இன்னா சார் பண்ணுவ?” என்றார் கடைக்காரர்.

“தொறந்து பாக்கத்தான்.”

இரண்டு வாரம் முன்பு வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வெளிப்பூட்டை அழுத்திவிட்டார். சாவி செய்பவர் ஒருவரைத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். வந்தவர் பூட்டைத் தொடவில்லை. “வீடு உங்களுதுதானே சார்? பக்கத்து வீட்டம்மாவ ஒரு தடவ கூப்பிடுங்க” என்றார். அந்த அம்மாள் வந்து சொன்ன பிறகுதான் பையைத் திறந்தார். அடுத்த சில நிமிடங்களில் பூட்டு திறந்துகொண்டது. உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. அன்று இரவு சேலையூர்க்காரருக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தர ஆய்வாளர். வெர்னியரும் மைக்ரோமீட்டருமாக நாளைக் கழிப்பவர். ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் விட அவரால் முடியாது.

சனி, சேலையூர்

முதல் பூட்டை அறுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பித்தளை உருளை. அதன்மேல் வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குட்டிப் பின்கள், அவற்றின் தலையில் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்களும் சேரும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். ஒன்று மேலே போனாலும் கீழே நின்றாலும் சுழலாது. அவ்வளவுதான். பழைய எகிப்தில் மரத்தால் செய்த பூட்டுகளிலும் இதே யோசனைதான். 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கி இதை உள்ளங்கைக்குள் அடக்கியவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர்.

அப்படியானால் சாவி இல்லாமல் எப்படித் திறக்கிறது? விடை அவருடைய தொழிலிலேயே இருந்தது. எந்த இயந்திரத்தில் துளையிட்டாலும் ஐந்தும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் அமைவதில்லை. உருளையை லேசாக முறுக்கிப் பிடித்தால் ஐந்து பின்களும் ஒன்றாக இறுகாது. ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தூக்கி உட்காரவைத்தால் அடுத்தது இறுகும். ஆலையில் அவர் தினமும் தேடித் தேடி ஒதுக்கும் அந்தப் பிசகுதான் இங்கே வழி விடுகிறது. இதைப் புரிந்துகொண்டபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

ஞாயிறு, சேலையூர்

கருவி இரண்டு வேண்டும். முறுக்கிப் பிடிக்க ஒன்று, பின்னைத் தூக்க ஒன்று. சினிமாவில் ஒரு ஹேர்பின் போதும், வீட்டில் போதவில்லை. மனைவியிடம் வாங்கிய மூன்று ஹேர்பின்களும் வளைந்து நின்றன. “என்னங்க, நம்ம வாசப் பூட்டுல மட்டும் கை வைக்காதீங்க” என்றார் அவர்.

அது சரியான பேச்சு. பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் இரண்டு விதிகளில் ஒன்றும் அதுவே: உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே. உள்ளே ஏதாவது உடைந்தால் வீட்டுக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான். இன்னொரு விதி, உன்னுடையதல்லாத பூட்டை உரியவர் சம்மதமில்லாமல் தொடாதே என்பது.

செவ்வாய், பெருங்களத்தூர்

நண்பரின் லேத் பட்டறை. இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து அளந்தார்: கனம் 0.65 மில்லிமீட்டர். சாவித் துவாரத்தில் நுழையும், சட்டென்று வளையாது. முதலில் பற்களை கிரைண்டரில் தேய்த்து எடுத்தார். பிறகு நுனியை மெலிதாக்கி, முனையில் சிறு கொக்கிபோல ஒரு தூக்கல் விட்டார்.

முதல் பிளேடு வீணாயிற்று. அவசரப்பட்டு அழுத்தியதில் நுனி சூடேறி நீலம் பாரித்தது. “பதம் போச்சுடா, தூக்கிப் போடு” என்றார் நண்பர். வளைத்துப் பார்த்தால் வளைந்தபடியே நின்றது. இரண்டாவது பிளேடு கையில் முறிந்து தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பினார். புதிதாகச் செய்ய நினைப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் பக்கம் போகவே கூடாது.

மூன்றாவதுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நான்கு எண்ணுவதற்குள் தேய்ப்பு, உடனே தண்ணீர். மறுபடி தேய்ப்பு, மறுபடி தண்ணீர். இப்படி முக்கால் மணி நேரம். பிறகு உப்புத்தாள்: 220, 400, கடைசியில் 600. விரலால் நீவினால் எங்கும் பிடிக்காத வழவழப்பு வரும்வரை. பின்னின் அசைவு விரலுக்குத் தெரிய வேண்டுமானால் கருவியில் சொரசொரப்பு இருக்கக் கூடாது. பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினார். முறுக்கும் கருவிக்கு, தூக்கி எறிந்த கார் வைப்பரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை போதுமானதாக இருந்தது.

வியாழன், சேலையூர்

இரவு பத்தரை மணி. முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் பிறகு புரிந்தது: முறுக்கு அதிகம். எல்லாப் பின்னும் இறுகிப்போய் எதுவும் நகரவில்லை. கையைத் தளர்த்தி, வாசல் மணியை அழுத்துவதற்குக் கொடுக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாகக் கொடுத்தார். ஒரு பின் ‘டிக்’ என்றது. காதில் அல்ல, விரலில். பிறகு ஒன்று. பிறகு உருளை சட்டென்று சுழன்று வளையம் எகிறியது.

மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது. பிறகு பால்கனியில் நின்று தெருவின் கேட்டுகளைப் பார்த்தார். இதே போன்ற மலிவுப் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. மனம் கனத்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்தப் புறநகரே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வழியாக ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. பூட்டிய வீடுகளின் விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி காவல்துறை கேட்டுக்கொள்வது சும்மா அல்ல. பூட்டைத் திறந்து அத்துமீறி நுழைந்தாலே, உடைக்காவிட்டாலும், சட்டத்தின் கணக்கில் அது வீடு உடைத்தல்தான். பழைய தண்டனைச் சட்டம் சொன்னதையே 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது.

இதையெல்லாம் வெளியே பேசலாமா என்ற கேள்வி புதிதல்ல. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பேரெடுத்த சப் நிறுவனத்தின் பூட்டை ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்தார். பல ஆண்டுகளாக 200 கினி பரிசோடு கடை ஜன்னலில் சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டுக்கு, தானே செய்வித்த கருவிகளோடு 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்தார். அதுவும் திறந்தது. லண்டன் பதறியது. திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாதவர் வீட்டுக்காரர்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். அந்தப் பதறலுக்குப் பிறகுதான் இங்கிலாந்தின் பூட்டுகள் தேறின. சேலையூர்க்காரர் ஹாப்ஸ் கட்சி.

சனி, சேலையூர்

ஆறாவது பூட்டு மற்றவை போல இல்லை. கனமான இரும்பு, தட்டித் தட்டிச் செய்த தகடுகள், கையால் அடித்த ரிவெட். சாவித் துவாரத்தில் அவர் கருவி அங்கும் இங்கும் அலைந்து வெளியே வந்தது. திங்கள் மாலை சாவிக்காரரிடம் காட்டலாம் என்று எடுத்து வைத்தார்.

திங்கள், மேற்குத் தாம்பரம்

கையில் வாங்கியதுமே சாவிக்காரர் முகம் மலர்ந்தது. “சார், இது திண்டுக்கல்லு. லீவர் பூட்டு. உங்க கம்பி இதுக்கு ஆகாது.”

லீவர் பூட்டில் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று குறித்த உயரத்துக்குச் சரியாக எழ வேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற முறை. திண்டுக்கல் நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் அந்த லீவர்களைத் தொழிலாளிகள் கையால் ராவி, சாவிக்குப் பொருத்திப் பொருத்திப் பார்த்துச் செய்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு அங்கே பிறந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் மணி அடிக்கும் பூட்டும் உண்டு. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தும் அலிகர் ஆலைப் பூட்டின் விலையோடு கைத்தொழில் போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் தோற்றபோதுதான் அந்தக் கைகளின் அருமை அவருக்கு விளங்கியது. நூறு, இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது அந்தக் கைகளை நாம் காப்பாற்ற வேண்டும்.

சாவிக்காரர் ஒரு வெற்றுச் சாவியை மெழுகுவர்த்தியில் காட்டிக் கரியேற்றினார், பூட்டில் நுழைத்துத் திருப்பினார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரி உரசிய இடத்தில் அரத்தால் இரண்டு ராவல். மறுபடி கரி. கைச்சாவி முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இன்று அந்தப் பூட்டு சேலையூர் வீட்டு வாசலில் தொங்குகிறது. அடுத்த முறை பூட்டு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாவியை நுழைத்து, திருப்பாமல் லேசாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு, திண்டுக்கல் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.