ட்ரில் மெசின் வாங்கிய கதை

ஜேர்மனியில் வாடகைக்கு வீடெடுத்தவர்களுக்கு இது தெரியும். வீட்டுக்காரர் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே போய்ப் பார்த்தால் குசினி இருக்காது. குசினிக்கென்று ஒரு அறை இருக்கும், சுவரிலிருந்து தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அடுப்பு, அலுமாரி, சிங்க் எல்லாவற்றையும் முதல் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். மேலே அண்ணாந்து பார்த்தால் லைற்றும் இல்லை. முகட்டிலிருந்து இரண்டு மூன்று வயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஆக, இந்த நாட்டில் குடும்பமாக இருக்க வெளிக்கிடுகிற ஒருவனுக்கு விசாவுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது ட்ரில் மெசின்.

நான் 1994 இல் வந்தவன். யாழ்ப்பாணத்தில் கடைசி நாலு வருடமும் மின்சாரமே இல்லை. 1990 ஆனியில் சண்டை தொடங்கிய கையோடு கரண்ட் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. ரேடியோவில் செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் மற்றவர்கள் காதைக் குடுத்துக் கேட்போம். செய்தி முடிய முதல் சுற்றுகிறவனுக்குக் கை விட்டுவிடும். மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊரில் கராஜ் வைத்திருந்த அண்ணைமார் இரும்பில் துளை போட்டது கையால் சுற்றுகிற ட்ரில்லில். தச்சு வேலைக்காரரிடம் துறப்பணம் இருந்தது. கயிற்றை இழுக்க இழுக்க உளி சுழன்று மரத்துக்குள் இறங்கும். எங்கள் அத்தான் அதில் ஒரு நாளைக்கு எத்தனை துளை போட்டிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் கணக்குச் சொல்லத் தெரியாது.

அப்படி வந்தவனுக்கு இங்கே கட்டிடப் பொருட்கள் விற்கும் கடைக்குள் முதல்தரம் போனபோது எப்படி இருந்திருக்கும்! உதைபந்தாட்ட மைதானம் மாதிரி ஒரு கடை. ஆணிக்கு மட்டும் ஒரு வரிசை. ஆனால் கையில் காசு இல்லை. 1998 இல் ரூர் பகுதியில் முதல் வீடு எடுத்தபோது, ஞாயிறுச் சந்தையில் 20 மார்க்குக்கு ஒரு பழைய தட்டுகிற ட்ரில் வாங்கினேன். விற்ற கிழவி செருகி ஓட்டிக் காட்டினாள். நல்ல சத்தம்.

சத்தம் மட்டும்தான் நல்லது. அந்தக் கட்டிடம் அறுபதுகளில் கட்டிய கொங்கிறீட் கட்டிடம். குசினி அலுமாரி தொங்கவிட எட்டுத் துளை வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி, உடம்பை முழுக்கச் சாய்த்து அமத்தி, பகல் ஒரு மணி கிட்டும்போது ஒரு துளை ஒன்றரைச் சென்ரிமீற்றர் போயிருந்தது. கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு மனிசன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 'சத்தத்துக்குப் பேசப் போறார்' என்று மனைவி பின்னால் நின்று சொன்னா. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்டிலிருந்து மூண்டுவரை இந்த வீட்டிலை ஓய்வு நேரம். மூண்டு மணிக்கு வாறன்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

சரியாக மூன்றுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் இருந்தது வேறு சாதி மெசின். ஜேர்மன்காரர் போர்ஹாமர் என்பார்கள். எட்டுத் துளையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அவர் அமத்தவே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கட ஆட்கள் பலர் இன்றைக்கும் தெரியாமல் மல்லுக்கட்டுகிறார்கள். சாதாரணத் தட்டுகிற ட்ரில்லுக்குள் பல்லு வைத்த இரண்டு வட்டத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளும். அந்தத் துள்ளல்தான் தட்டு. நீங்கள் எவ்வளவு அமத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி. செங்கல்லுக்கு அது காணும். கொங்கிறீட்டுக்குக் காணாது. போர்ஹாமருக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு சுத்தியலை உதைக்கும். அடி மெசினிலிருந்து வரும், உங்கள் தோளிலிருந்து அல்ல. அதற்குப் போடுகிற துளையூசியின் அடிப்பகுதியும் வேறு. தவாளிப்பு வெட்டியிருக்கும். செருகினால் இறுக்காமலே பூட்டிக்கொள்ளும், முன்னும் பின்னும் கொஞ்சம் அசையும். எழுபதுகளில் பொஷ் கொம்பனி கொண்டுவந்த எஸ்டிஎஸ் முறை அது. கொங்கிறீட் வீட்டில் இருப்பவர் ஒரேயொரு மெசின்தான் வாங்க முடியுமென்றால் இதை வாங்குங்கள்.

ட்ரில் மெசினுக்குப் பிறந்த வீடே ஜேர்மனிதான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. மின்சாரத் துளைக் கருவிக்கு 1889 இலேயே மெல்பேர்ணில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். ஆனால் கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய மின்சார ட்ரில்லை 1895 இல் செய்தது ஸ்ருட்கார்ட் நகரத்து ஃபைன் கொம்பனி. சுவருக்குள் நாங்கள் வைக்கிற நைலோன் கட்டையும் ஜேர்மன்காரரின் வேலை. 1958 இல் ஆர்தர் ஃபிஷர் கண்டுபிடித்தது. திருகாணி இறங்க இறங்க அது விரிந்து சுவரைக் கவ்வும். மெசினைப் புகழ்கிறவர்கள் இந்தச் சின்னக் கட்டையைப் புகழ்வதில்லை. என் வீட்டுச் சாமித்தட்டு முதல் தொலைக்காட்சி வரை அதில்தான் தொங்குகின்றன.

இப்போது பற்றறி மெசின் காலம். வியாழக்கிழமை மலிவுக்கடைப் பத்திரிகை வந்தவுடன் நண்பர்கள் வட்டத்தில் ரெலிபோன் அடிக்கத் தொடங்கும். "மச்சான், 20 வோல்ற் போட்டிருக்கு, உன்ரை 18 தானே?" ஐயா, இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஐந்து லிதியம் செல். ஒன்று 3.6 வோல்ற் என்று பெருக்கினால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நேரம் ஒரு செல் 4 வோல்ற்றுக்குச் சற்று மேலே நிற்கும். அந்தக் கணக்கைப் பெட்டியில் போட்டால் 20. பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அம்பியர்-மணி. 18 வோல்ற்றில் 2 அம்பியர்-மணி என்றால் 36 வாற்-மணி, 4 என்றால் 72. அதுதான் எத்தனை துளை போடலாம் என்பதைச் சொல்லும். மற்றது, ஒரு கொம்பனியின் பற்றறி மற்றக் கொம்பனி மெசினுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரு பற்றறிக் குடும்பத்துக்குள் கலியாணம் கட்டினால் கட்டினதுதான். எனவே முதல் மெசினை வாங்கும்போதே அடுத்த மூன்றையும் யோசியுங்கள். இருபது சாமான் அடைந்த பெரிய பெட்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் நாலைத்தான் பாவிப்பீர்கள்.

வாகனத்துக்கு வருவோம். இங்கே ரயர் மாற்றுவதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒக்ரோபர் முதல் ஈஸ்ரர் வரை பனிக்கால ரயர். சட்டம் திகதி சொல்லவில்லை. 2010 முதல், தெருவில் பனியோ வழுக்கலோ இருந்தால் பொருத்தமான ரயர் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. 2024 ஒக்ரோபரிலிருந்து மலையும் பனித்துகளும் அடித்த அடையாளம் இல்லாத ரயர் செல்லாது. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு வருடம் நாலு மாற்று. கராஜில் ஒரு மணித்தியாலக் கூலி 100 யூரோவைத் தாண்டும் இடங்கள் பல. அதனால் எங்கட ஆட்கள் பற்றறியில் ஓடும் இம்பக்ற் மெசினை வாங்கிவிட்டார்கள். டர்ர்ர் என்று கழற்றலாம். கழற்ற மட்டும் பாவியுங்கள். பூட்டும்போது கையால் முறுக்கி, எதிரெதிர் போல்ற்றாக இறுக்கி, கடைசியில் முறுக்குவிசை காட்டும் ஸ்பனரால் முடிக்க வேண்டும். பல கார்களுக்கு 110, 120 நியூட்டன் மீற்றர். உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப ஒருக்கால் பார்க்க வேண்டும். காருக்குக் கீழே போவதென்றால் ஜக்கை நம்பிப் போகக்கூடாது, தாங்கும் ஸ்ராண்ட் வைக்க வேண்டும். ஒயில் மாற்றினால் பழைய ஒயிலை விற்ற கடையிலேயே திருப்பிக் குடுக்கலாம். வாங்கின அளவைக் காசில்லாமல் எடுக்க வேண்டுமென்பது சட்டம். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பிளெக்ஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரும்பு வெட்டுகிற கிறைண்டரை இங்கே எல்லோரும் பிளெக்ஸ் என்பார்கள். அது 1954 இல் வேகமான கிறைண்டரைக் கொண்டுவந்த கொம்பனியின் பெயர். எங்கள் நண்பர் ஒருவர், பாசல் வான் ஓட்டுகிறவர், துருப்பிடித்த சைலன்சர் போல்ற் ஒன்றை வெட்டப் போனார். காப்புத் தகடு இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தார். கண்ணாடி போடவில்லை. வெட்டும் தட்டு கொளுவி உடைந்தது. ஒரு துண்டு கண்ணுக்கு ஒரு விரல் கீழே கன்னத்தில் ஏறியது. ஏழு தையல். கண் போயிருந்தால் வேலை போயிருக்கலாம், வேலை போனால் அந்த நேரத்தில் அவருடைய விசாவுக்கும் கேள்வி வந்திருக்கும். மனைவி பிள்ளைகள் அப்போதுதான் கொழும்பிலிருந்து வரக் காத்திருந்தார்கள்.

125 மில்லிமீற்றர் தட்டில் 80 மீற்றர்/செக்கன் என்று எழுதியிருக்கும். பெருக்கிப் பாருங்கள், விளிம்பு மணிக்கு 288 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. அவ்வளவு வேகத்தில் வருகிற துண்டு உங்கள் வயதையோ அனுபவத்தையோ கேட்காது. தட்டின் நடு வளையத்தில் ஒரு திகதி அடித்திருக்கும். அது காலாவதித் திகதி, செய்து மூன்று வருடம். பழசைக் குப்பையில் போடுங்கள், இரண்டு யூரோச் சாமான். ட்ரில் பிடிக்கும்போது நூல் கையுறை போடாதீர்கள், சுற்றி இழுத்துவிடும்.

அத்தான் 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். உளி, வாள், சீவுளி, துறப்பணம் எல்லாம் போன வழி தெரியாது. முகாமிலிருந்து வெளியே வந்து கிளிநொச்சியில் திரும்பக் கொட்டில் போட்டு, மகனையும் பழக்கி, கதவு யன்னல் செய்யத் தொடங்கினார். நாங்கள் காசு அனுப்பினோம். மருமகன் ஒருநாள் சொன்னான்: "மாமா, காசு வந்தா வீட்டுச் செலவோடை போகுது. ஒரு மெசின் கொண்டு வாங்கோ."

2023 ஆடியில் போனோம். என்ன கொண்டு போவதென்று ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தேன். பற்றறி மெசின் பார்க்க வடிவு. ஆனால் மூன்று நாலு வருடத்தில் பற்றறி களைத்தால் அவனுக்குக் கிளிநொச்சியில் அதே பற்றறி கிடைக்குமா? மெசின் சூட்கேசுக்குள் போகலாம், தனிப் பற்றறியைக் கையில்தான் கொண்டு போகவேண்டும், 100 வாற்-மணிக்கு மேலே என்றால் விமானக் கொம்பனியிடம் கேட்க வேண்டும். கடைசியில் வயர் உள்ளதாகவே வாங்கினேன். ஒரு தட்டுகிற ட்ரில், 125 கிறைண்டர் ஒன்று. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான், கொன்வேட்டர் தேவையில்லை. பிளக் மட்டும் மாற்ற வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் மெசினில் இருந்தால் இரட்டைக் காப்பு, வயர் இரண்டுதான் இருக்கும், எர்த் தேடி மினக்கெடாதீர்கள். மோட்டாரில் தேயும் காபன் பிறஷ் இரண்டுக்கும் நாலு சோடி வாங்கி வைத்தேன். அது சில யூரோதான். அது இல்லாமல் எத்தனை நல்ல மெசின்கள் ஊரில் மூலையில் கிடக்கின்றன தெரியுமா? பாதுகாப்புக் கண்ணாடி ஆறும் வைத்தேன். மனைவி "ஆறு என்னத்துக்கு?" என்றா. கொட்டிலில் வந்து எட்டிப் பார்க்கிற பெடியளுக்கு.

மருமகன் முதிரை மரத்து நிலை ஒன்றில்தான் முதல் துளையைப் போட்டான். முதிரை எவ்வளவு வைரமென்று தெரியும்தானே. தூள் மஞ்சளாகச் சுருண்டு விழுந்தது. அத்தான் பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெசினை வாங்கி, பாரத்தைப் பார்த்து, "உது கையை இழுக்குது, மற்றப் பிடியையும் பூட்டிப் பிடி" என்று மகனுக்குச் சொன்னார்.

இப்போது கதவு நிலைக்குத் துளை போட அரை நாள் போவதில்லையாம். போன மாதம் மருமகன் ரெலிபோன் எடுத்தான். முதல் சோடி பிறஷ் தேய்ந்து, தானே கழற்றி மாற்றிவிட்டானாம். அடுத்தமுறை வரும்போது மரத்தில் தவாளிப்பு எடுக்கிற றூட்டர் மெசின் வேண்டும், கால் அங்குலக் கழுத்தா அரை அங்குலமா நல்லது என்று கேட்டான். அரை அங்குலம் என்றேன். அதன் ஊசிகள் வவுனியாவில் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.