நான் நடத்தாமல் விட்ட பாடம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை 1999 செட் மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பொண்ணுக்குப் பதினோரு வயசு ஆகுது. வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு பார்க்கிறேன், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீங்களும் அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தல" என்று சிரித்தாள்.

உண்மைதான். செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டி, மகரந்தம், சூல்முடி, சூற்பை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். மனித இனப்பெருக்கம் வந்ததும், "இது ஈசி, வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். கடைசி பெஞ்சில் சிரிப்பு கேட்கும். பெண்பிள்ளைகள் தலை நிமிராது. எனக்கும் நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

2003-ல் பத்தாம் வகுப்பில் ஒரு பையன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று கமெண்டில் ஊகிக்க வேண்டாம்.) நன்றாகப் படிப்பவன், அரையாண்டில் மூன்று பாடத்தில் பெயில். வகுப்பிலேயே தூங்கி விழுவான். ஒருநாள் அவன் அம்மா வந்து, கம்மலைக் காணோம், இவன்மேல்தான் சந்தேகம் என்று அழுதார். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்திருக்கிறான். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்பு தளரும், ஆண்மை போகும், பிள்ளை பிறக்காது என்று போட்டிருக்கிறது. கம்மலை அடகு வைத்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'டாக்டரிடம்' லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். அப்படியும் நிற்கவில்லை. தூங்கினால்தானே வரும் என்று ராத்திரியெல்லாம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். கிணற்று மேட்டில்! கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"தம்பி, அது நோயே இல்லப்பா. உன் வயசுல எனக்கும் வந்துச்சு. உடம்பு புதுசு புதுசா உற்பத்தி பண்ணிக்கிட்டேதான் இருக்கும். சிலருக்கு இப்படி வெளியே வரும், சிலருக்கு வராது. ரெண்டுமே சரிதான்" என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவன் தேம்பித் தேம்பி அழுதான். (கம்மலை மீட்டது தனிக் கதை.)

அடுத்த வருஷம் நடத்தினேன். "எதுக்கு சார் வம்பு?" என்றார் தலைமை ஆசிரியர். புத்தகத்தில் இருப்பதைத்தானே நடத்துகிறேன் என்றேன். சாக்பீஸ் பெட்டியில் ஓட்டை போட்டு, பேர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னேன். முதல் நாள் ஒரே ஒரு சீட்டு, அதிலும் சினிமாப் பாட்டு. மூன்றாம் நாள் பெட்டி நிறைந்துவிட்டது. "ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தமா?" "மாசாமாசம் இவ்வளவு ரத்தம் போனா உயிர் இருக்குமா?" ஒரு மாதவிலக்குக்குச் சராசரியாக 30, 40 மில்லிதான் போகும், இரண்டு மூன்று மேஜைக்கரண்டி என்று சொன்னபோது பையன்கள் வாயைப் பிளந்தார்கள். பெண்பிள்ளைகளோடு தனியாகப் பேச கிராம நர்ஸம்மா வந்தார். ஆனால் பாடத்தைச் சேர்த்து உட்காரவைத்துத்தான் நடத்தினேன்.

ஒரு சீட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. "எங்க வீட்டில் மூணும் பொண்ணு. அம்மாவாலதான்னு அப்பா அடிக்கிறார். நிஜமா சார்?"

அன்று வேறு எதையும் எடுக்கவில்லை. கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று பெரிதாக எழுதி, தாயிடம் எக்ஸ் மட்டும்தான் உண்டு, ஒய் தகப்பனிடமிருந்துதான் வரவேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை. கையெழுத்து எனக்குத் தெரியும்.

போன் செய்தவளிடம், "பொண்ணுக்குச் சொல்லும்போது பையனையும் பக்கத்துல உட்காரவச்சுக்கோம்மா" என்றேன்.

"அவனுக்கு எதுக்கு சார்?" என்றாள்.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.