கடைசல் பட்டறைக்கு ஒரு வட்டக் கணக்கு



நம் அரூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீடியோ ஒன்று அனுப்பினான். கட்டில் கால், தொட்டில் கட்டை கடைந்து பிழைத்த பட்டறை அது. இப்போது பெரிய மரக் கிண்ணங்களுக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். காற்றில் சாய்ந்த புளியமரத்திலிருந்து 16 அங்குல அகலத்தில் ஒரு துண்டை அறுத்து மாட்டியிருக்கிறான். மிஷின் ஓட ஓட மேசையே ஆடுகிறது. கட்டைக்கு நேரெதிரே உளியோடு நிற்பது அவன் மகன். வீடியோவை முழுதாகப் பார்க்காமலே போன் போட்டு, "முதலில் மோட்டாரை நிறுத்துடா" என்றேன்.

"கட்டில் கால் கடைந்த அதே வேகம்தான் சார்" என்றான். சிக்கலே அதுதான்.

அவனுடைய மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24. மோட்டாரிலும் மிஷினிலும் ஒரே அளவு புல்லி என்பதால் மரமும் அதே 24 சுற்றுதான் சுற்றும். 3 அங்குலக் கட்டில் காலின் விளிம்பு அப்போது மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நன்றாக மிதித்த சைக்கிள் வேகம். 16 அங்குலத் துண்டின் விளிம்போ 110 கிலோமீட்டரில் ஓடும். சுற்று ஒன்றுதான், சுற்றளவு வேறு. எட்டாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்தும்போது "இது எதுக்கு சார்?" என்று கேட்ட கூட்டத்தில் இவனும் ஒருவன்!

அதைவிட மோசமானது எடைச் சமமின்மை. அறுத்த துண்டு முழு வட்டமாக இருக்காது. ஈரம் ஒரு பக்கம் கூடும், வைரம் ஒரு பக்கம் ஒதுங்கும். விளிம்பில் வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்தாலே, 1440 சுற்றில் அது ஏறக்குறைய 46 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்கு 24 முறை திசை மாறும். திருகாணி எவ்வளவு நேரம் தாங்கும்? வேகத்தை நான்கில் ஒரு பங்காக்கினால் இழுப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 46 கிலோ 3 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

மரம் கடைபவர்கள் பல நாடுகளிலும் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. துண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்க வேண்டும். விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்கலாம். கரடுமுரடான துண்டு என்றால் 6000க்குக் கீழே தொடங்குவது நல்லது. இவனுடையது 16 பெருக்கல் 1440. நீங்களே போட்டுப் பாருங்கள், 23,000 தாண்டும்.

மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, மிஷினில் 8 அங்குலப் புல்லி மாட்டச் சொன்னேன். 360 சுற்று வரும். உருண்டையாகி ஆட்டம் நின்ற பிறகு 8ஐக் கழற்றிவிட்டு 6 மாட்டினால் 480. அதற்கு மேல் அந்தக் கிண்ணத்துக்கு வேண்டியதில்லை. "ஃபேன் ரெகுலேட்டர் வைத்துக் குறைக்கலாமா சார்?" என்றான். கூடாது. இந்த வகை மோட்டார் அதில் சரியாக வேகம் குறையாது, சூடாகிக் கருகத்தான் செய்யும்.

மாட்டுவதற்கு முன் மூலைகளை அறுத்துத் தள்ளுவது, விரிசல் இருந்தால் அந்தத் துண்டையே ஒதுக்குவது, எதிர்முனையையும் கொடுத்து இறுக்குவது, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது எல்லாம் அவனுக்கே தெரியும். மோட்டாரைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கும்படி மகனிடம் மட்டும் தனியாகப் பேசினேன். கண்ணாடி போதாது, முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும் என்றேன். சரி தாத்தா என்றான்.

நேற்று புல்லி மாற்றிவிட்டு மறுபடி வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். மேசைமேல் வைத்த டீ டம்ளரில் டீ லேசாகத்தான் அசைகிறது. ஆனால் பெல்ட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை. இன்று மாலை நேரில் போகிறேன். நம் பிள்ளைகளில் யாராவது வெல்டிங் பட்டறை வைத்திருந்தால், அந்த மூடியைச் செய்து தர முடியுமா என்று எனக்குச் சொல்லுங்கள்.