அனாமத்துக் கணக்கில் சில முகங்கள்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடமாக என் கம்ப்யூட்டரில் ஒரு எஸ்கிமோ அம்மாதான் வால்பேப்பர். தோல் சட்டை, குழந்தையின் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் முகம். அறைக்கு வருபவர்களிடம் எல்லாம் "என்ன அழகு பாருங்க!" என்று காட்டுவேன்.

பிறகுதான் படித்தேன். 1950-ல் கனடாவின் வடக்கே, பாட்லே என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹாரிங்டன் எடுத்த படம் அது. கரிபூ மான்கள் வராமல் பஞ்சம் வந்த நேரம். அந்த அம்மா பட்டினியில் இருந்தார். நான் அழகு என்று சொன்னது பசியை! (எஸ்கிமோ என்பதும் மற்றவர்கள் வைத்த பெயர்தான். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இனுயிட்.)

அந்தக் காலத்து ஆர்க்டிக் படங்கள் பலவற்றில் ஆள் பெயரே கிடையாது. 'எஸ்கிமோ பெண்', 'சிறுவன்', அவ்வளவுதான். பி.காம்.மில் எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போடுவோமே, அதே கதை. ஆனால் அனாமத்தை ஒருநாள் நேர் செய்தாக வேண்டும், இல்லையா?

நேர் செய்யக் கிளம்பியது நம் வயதுப் பிள்ளைகள். கனடா தேசிய ஆவணக் காப்பகத்தின் 'பெயரிடும் திட்டம்' 2002-ல் தொடங்கியது. ஒட்டாவாவில் படித்த இனுயிட் மாணவர்கள் லேப்டாப்பில் படங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் காட்டினார்கள். காப்பக அட்டையில் இல்லாத பெயர் பாட்டிகளின் வாயில் இருந்தது. இதுவரை ஆயிரக்கணக்கான முகங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

மீதி முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். இந்தக் கணக்கை முடிக்க அதிக நாள் இல்லை.

வால்பேப்பரை மாற்றிவிட்டேன். இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்கப் போவது, "இது யார்?"